லைட் போடுவதற்கு முன்னால்

2023-இல் கோவை டிலைட் தியேட்டரை இடித்தபோது நானும் ஒரு அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அப்போது கோவையில்தான் வேலை. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ புகைப்படம் போட்டார்கள். பாதி இடித்த சுவர், குவிந்த செங்கல், பக்கத்தில் மண்வாரி இயந்திரம். அன்று ராத்திரியே உட்கார்ந்து ஆயிரம் வார்த்தை எழுதிவிட்டேன். வேகமாக எழுத முடிந்ததுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டுரை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. நான் ஊர்ப் பெயரையும் தியேட்டர் பெயரையும் மட்டும் மாற்றினேன்.

இந்த வகைக் கட்டுரையை நீங்களும் படித்திருப்பீர்கள். முதலில் அப்பாவோ மாமாவோ கைபிடித்து அழைத்துப்போன முதல் படம். அப்புறம் இடைவேளை முறுக்கு, கலர் சோடா, திரைக்கு மேலே உயரும் ஜிகினாத் திரைச்சீலை, புரொஜெக்டர் ஒளியில் மிதக்கும் பீடிப் புகை. கொஞ்சம் விசில். ஆபரேட்டர் ஒருவர். ‘சினிமா பாரடைஸோ’ பெயர் ஓரிடத்தில் கட்டாயம் வரும். கடைசியில் அங்கே வரப்போகும் வணிக வளாகத்தைப் பற்றி ஒரு பெருமூச்சு. சாந்தி தியேட்டர் மூடியபோது இதைப் படித்தோம், உதயம் மூடியபோதும் படித்தோம். வார்ப்புரு ஒன்று, மாறிகள் மூன்று நான்கு. என் தொழிலில் இதைச் செய்தால் நல்ல கோடு என்பார்கள்.

என் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. ‘சாதியால் பிரிந்துகிடந்த தமிழர்கள் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் சமமாக உட்கார்ந்த இடம் தியேட்டர்’ என்று ஒரு வரி. எழுதும்போதே சிலிர்த்துப்போனேன். அந்த வரியைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும்.

அதற்கு முன்னால் டிலைட்டின் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல கதை. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தார். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியோடு திருச்சிக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்த அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டார். சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வடக்கே பெஷாவர், லாகூர், கிழக்கே பர்மா வரை போனதாக வரலாறு. 1914-இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்று நிரந்தரக் கட்டடம் எழுப்பினார். அதுதான் பிற்பாடு டிலைட். தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர் வந்தது. இன்றைக்கும் ஸ்விகியில் அந்த முகவரிதான் போடுகிறோம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மின்சாரக் கதை. படம் ஓட்ட ஜெனரேட்டர் வேண்டும், ஊரில் மின்சாரம் இல்லாத காலம். படம் ஓடாத நேரத்தில் அந்த இயந்திரம் சும்மா கிடக்கலாமா? அச்சகம் நடத்தினார், அரைவை மில் நடத்தினார். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இதைக் கேட்டால் உடனே ஒரு சந்தோஷம் வரும். பிறகு 1933-இல் கல்கத்தாவின் பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, எங்கள் பக்கத்துத் திருவையாற்றுப் பெண். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ நாயகியும் அவர்தான்.

இத்தனை வரலாறு உள்ள கட்டடத்தை இடிக்க முடிந்தது எப்படி? 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டப்படி நூறு வயது ஆன கட்டடத்தைப் பழஞ்சின்னமாக அறிவிக்கலாம். டிலைட்டுக்கு 109. வயது மட்டும் போதாது, யாராவது அறிவிக்க வேண்டும், யாரும் அறிவிக்கவில்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது. சென்னை அண்ணா சாலையில் 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது. அது தப்பியதற்குக் காரணம் சினிமாப் பாசம் இல்லை. ரெண்டே வருடத்தில் தபால்துறை அதை வாங்கிவிட்டது. இன்று தபால்தலைக்காரர்கள் அங்கே போகிறார்கள். நம் ஊரில் ஒரு தியேட்டர் பிழைக்க வேண்டுமென்றால் சீக்கிரமே தியேட்டராக இல்லாமல் போக வேண்டும் போலிருக்கிறது.

சரி, அந்த வரி. அது என் சொந்தச் சரக்கு இல்லை. கா. சிவத்தம்பி 1981-இல் தமிழ் சினிமாவின் அரசியல் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலில் இருக்கிற வாதம் அது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி என்பது அவர் சொன்னதன் சாரம். பெரிய அவதானிப்பு. வெரைட்டி ஹால் திறந்த 1914-க்கும் மதுரை மீனாட்சி கோயில் ஆலயப் பிரவேசம் நடந்த 1939-க்கும் இடையில் இருபத்தைந்து வருடம் என்று யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் போக முடியாத ஒருவர், டிக்கெட் எடுத்தால் கொட்டகைக்குள் போகலாம். இதைச் சின்ன விஷயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பது எங்கள் ஊருக்குப் பழைய கேள்வி. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. நந்தனும் அந்த அறுபத்துமூவரில் ஒருவர். திருப்புன்கூரில் அவர் வாசலில் நின்று பார்க்க, மறைத்த நந்தி விலகிக்கொடுத்தது என்பது கதை. நந்தி விலகியது, நந்தன் நின்ற இடம் மாறவில்லை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு நந்திமேல் மரியாதைதான் வந்தது.

சிவத்தம்பியின் வாதத்தில் ‘வாங்கும் சக்தி’ என்று ஒரு பாதி இருக்கிறது. அஞ்சலிக் கட்டுரைகள் (என்னுடையதும்) அந்தப் பாதியை விட்டுவிட்டு ‘ஒரே கூரை’யை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கூரை ஒன்று, சரி. அதன்கீழே தரை, பெஞ்ச், சேர், சோபா. தரைக்குத் தனி டிக்கெட் கவுண்டர், தனி வாசல், பல ஊர்களில் வேறு தெருவில் திறக்கும் வாசல். பெண்களுக்குத் தனிப் பகுதி, நடுவே குட்டைச் சுவர் அல்லது தட்டி. பணம்தான் பிரித்தது என்றால், பணம் யாரிடம் இருந்தது? நிலம் யாரிடம் இருந்தது? டெல்டாவில் இந்த ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. நடந்தது வேறு.

கட்டுரை வெளியான அடுத்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்களுடையது தறிக்குடும்பம். அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அதே சங்கத்தில் வாட்ச்மேனாக இருந்த ஒருவர் சாயங்காலம் வீட்டுப் பக்கம் வருவார். வயதில் அப்பாவைவிட எட்டு வருடம் மூத்தவர், ஆனாலும் அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் அய்யா என்பேன். என் கட்டுரையை அப்பா அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அதில் டிலைட்டோடு சேர்த்து எங்கள் ஊருக்கு வெளியே ஒருகாலத்தில் இருந்த கீத்துக் கொட்டகை பற்றியும் ரெண்டு பத்தி இருந்தது, அப்பா சொன்னதை வைத்து எழுதியது.

“நல்லாத்தான் எழுதிருக்க தம்பி. ஆனா நாங்க எங்க ஒக்காந்தோம்னு எழுதலியே?”

தரையில்தானே, என்றேன். எழுதியிருந்தேனே, மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவது பற்றி அழகாக ஒரு வாக்கியம்.

“தரைதான். ஏன் தரை? காசு இல்லாமலா? அறுப்பு முடிஞ்சா கூலி நெல்லு வரும். ஒரு மரக்கா நெல்ல கடையில போட்டா பெஞ்சு டிக்கெட்டே எடுக்கலாம். எடுத்தேன் ஒருநா. பின்னால சேர்ல பண்ணக்காரரு வூட்டு ஆளுங்க. ஒண்ணும் சொல்லல. திட்டல, அடிக்கல. பாத்தாங்க, அவ்ளோதான். மறுவாரம் நடவுக்கு ஆள் கூப்புட்டப்ப எங்க வூட்ட தாண்டிப் போய்ட்டாங்க.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் கொஞ்சம் தடுமாறி, அப்போ அதுக்கப்புறம் பெஞ்சுக்குப் போகவே இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“போகாம? லைட்ட அணைச்சப்புறம் யாரு யாரப் பாக்குறது? தர டிக்கெட்ட எடுத்துகிட்டு தட்டி ஓரமா ஒக்காந்துக்குவேன். இருட்டானதும் பெஞ்சுல ஏறிக்குவேன். லைட் போடுறதுக்கு முன்னால எறங்கிரணும். அங்க ஒரே மிசினு. ரீலு மாத்துறப்பல்லாம் லைட்டு போடுவான். அதனால கணக்கா இருக்கணும்.”

டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர் என்பதால் இடைவேளை ஒன்றல்ல, மூன்று நான்கு வரும் என்பது எல்லா நினைவுக் கட்டுரையிலும் வேடிக்கையாகச் சொல்லப்படும் தகவல். என் கட்டுரையிலும் அது நகைச்சுவைதான்: ‘படத்தைவிட இடைவேளை அதிகம்’ என்று எழுதியிருந்தேன். அவர் சொன்ன பிறகு அந்த வாக்கியத்தைத் திரும்பப் படிக்கப் பிடிக்கவில்லை. ஒரே தொழில்நுட்பத் தகவல். ஒருவருக்கு அது முறுக்கு தின்னக் கிடைத்த கூடுதல் நேரம், இன்னொருவர் ஒவ்வொரு ரீல் முடியும் நேரத்தையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே படம் பார்த்திருக்கிறார். எந்தப் பாட்டு முடிந்ததும் இறங்க வேண்டும், எந்தச் சண்டை வந்தால் லைட் வரப்போகிறது என்று. முதல்முறை பார்க்கும் படத்தில் ஏறவே மாட்டாராம். ரெண்டாம் தடவை பார்க்கும்போதுதான்.

இது அறுபதுகளின் நடுப்பகுதி. அதே டெல்டாவில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். சினிமாக் கொட்டகையின் இருட்டைப் பற்றிப் பேசும்போது வெளியே இருந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பேச முடியும்.

அப்படியானால் சிவத்தம்பி தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைட் அணைந்திருந்த நேரத்துக்கு அவர் சொன்னது சரி. அய்யா பெஞ்சில் ஏறினார், அது நடந்தது, வேறெங்கும் நடந்திருக்காது. என் சண்டை அந்த வாதத்தை ஒற்றை வரி ஸ்டேட்டஸாக்கிய எங்களோடுதான். ஒரு கட்டடத்துக்கு அஞ்சலி எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு கட்டடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறோம். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, யார் ரசிகர் மன்றம் எவ்வளவு உயரத்துக்குக் கட்அவுட் வைத்தது, எல்லாம் இருக்கும். எத்தனை வாசல், எந்த வாசல் எந்தத் தெருவில், கழிப்பறை எந்த வகுப்புக்கு இருந்தது, எதற்கு இல்லை, மாடிப்படி யாருக்கு? இருக்காது.

நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் ‘சினிமா பாரடைஸோ’வை மறுபடி பாருங்கள். கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காக அந்தத் தியேட்டரை வெடிவைத்துத் தகர்ப்பதும், கடைசி முத்தக் காட்சிகளும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பால்கனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வசதியான ஆள் கீழே இருப்பவர்கள்மேல் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பானே, அது? தொர்னத்தோரே ஏக்கத்தைப் பிழிந்து எடுப்பவர்தான், எனக்கு அந்தப் படத்தின் பின்பாதி ரொம்ப இனிப்பு. ஆனால் துப்புகிறவனை அவர் மறக்கவில்லை. மேலே யார், கீழே யார் என்று அந்தப் படத்துக்குத் தெரியும். அதைப் பார்த்து உருகி எழுதிய நம் கட்டுரைகளில் பால்கனி என்றால் காதலர்கள் உட்காருமிடம், அவ்வளவே.

வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) நம் ஊரில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் போன படம். வீட்டைவிட்டு ஓடிவந்து தியேட்டரில் வளரும் முருகேசனுக்கு அந்தக் கட்டடம் வீடு, வேலை, காதல் எல்லாமும். தியேட்டர் போனதும் அவனிடம் ஒன்றுமே மிச்சமில்லை. தியேட்டர் மூடினால் ரசிகனுக்கு ஒரு நினைவு போகும், அங்கே வேலை பார்த்தவனுக்குச் சோறு போகும் என்பதை அந்தப் படம் விளங்கிக்கொண்டிருந்தது. 2010-ஐ ஒட்டி டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்து பிலிம் பெட்டி நின்றபோது எத்தனை ஆபரேட்டர்கள் வெளியே போனார்கள் என்று நாம் அப்போது எழுதவில்லை. ‘தரம் கூடிவிட்டது’ என்றுதான் எழுதினோம்.

நான் ஆசைப்படும் மாதிரி ஒன்று உண்டு. பிரேசில் இயக்குநர் க்ளேபர் மென்டோன்சா ஃபில்யோவின் ‘பிக்சர்ஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’, 2023 ஆவணப்படம். ரெசிஃபே நகரின் மையப்பகுதியில் இருந்த பழைய தியேட்டர்களைப் பற்றியது. அவருக்கும் ஏக்கம் உண்டு, பழைய ஆபரேட்டர் உண்டு. ஆனால் அவர் கேட்கிற கேள்விகள் வேறு. இந்தக் கட்டடம் ஏன் இந்த முனையில் வந்தது, யார் பணம் போட்டார்கள்? ஆர்ட் பலாசியோ தியேட்டருக்குப் பின்னால் ஜெர்மனியின் யூஃபா நிறுவனமும் நாஜிக் காலப் பிரசாரத் திட்டமும் இருந்ததை நிதானமாகச் சொல்லிவிட்டு, அதே தியேட்டரைத் தான் எவ்வளவு நேசித்தேன் என்பதையும் சொல்கிறார். ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை. தமிழில் தியேட்டரைப் பற்றி எழுதும்போது ஏன் நமக்கு இந்த ரெண்டையும் ஒரே கையில் பிடிக்க வரவில்லை?

தரவே இல்லை என்று சாக்கு சொல்ல முடியாது. மதுரை தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்ற பேர். அதையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஜவுளிக்கடை. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தினம் மூன்று காட்சி என்றால் கிட்டத்தட்ட 7,700 பேர். 1951 சென்சஸில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். 47 நாள் ஹவுஸ்ஃபுல் ஓடினால் கைக்குழந்தை உட்பட ஊரே ஒருதடவை பார்த்துவிடலாம். ஒரு நகரத்தின் அத்தனை சாதியும் அத்தனை தெருவும் தினமும் உள்ளே போய் வெளியே வந்த கட்டடம். ‘ஆசியாவிலேயே பெரியது’ என்று ஆயிரம் தடவை எழுதிய நாம், அந்த 2,563-இல் தரை எத்தனை, பெஞ்ச் எத்தனை என்று ஒருதடவையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம்.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. 1955-ஆம் வருடத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டருக்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர், சென்னையில் போலீஸ் கமிஷனர். தியேட்டர்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்வது அதைத்தான். விண்ணப்பத்தோடு கட்டட வரைபடம் கொடுத்தாக வேண்டும்: இருக்கை வரிசை, நடைபாதை, வாசல்கள், எல்லாமும். நிரந்தரக் கொட்டகைக்கு மட்டுமல்ல, டூரிங் டாக்கீஸுக்கும் உரிமம் உண்டு. அதாவது இடிக்கப்பட்ட நம் தியேட்டர்களின் பிளான் ஏதோ ஒரு ஆட்சியர் அலுவலகக் கோப்பறையில், சிவப்பு நாடா கட்டிய கட்டுக்குள் இருக்க வாய்ப்பிருக்கிறது. கரையான் முந்துவதற்குள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். பத்து ரூபாய் ஸ்டாம்ப். முறுக்கைப் பற்றி இன்னொரு பத்தி எழுதுவதைவிட இது கொஞ்சம் கூடுதல் உழைப்பு, ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூருக்கு நான் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

பிளான் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று, போன பொங்கலுக்கு அய்யாவிடமே வரையச் சொன்னேன். வீட்டில் புடவை டிசைன் போடும் கட்டம்போட்ட தாள் கிடந்தது. அவர் பென்சிலை அழுத்திப் பிடித்து, முதலில் திரையைப் போட்டார். பிறகு தட்டி. வாசல் மூன்று: சேருக்கு ரோட்டைப் பார்த்து, பெஞ்சுக்குப் பக்கவாட்டில், தரைக்கு வாய்க்கால் பக்கம். மழை பெய்தால் அந்த வாசலில் முழங்கால் சேறு என்றார். மிசின் ரூம். சோடாக் கடை. தான் உட்காரும் தட்டி ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். இருட்டில் ஏறும் இடத்தில் இன்னொரு புள்ளி.

ரெண்டாவது புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். இது யாரு அய்யா என்றேன். அப்பாவை ஒருதடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஒங்க தாத்தா. நெதம் அந்த எடந்தான். நான் வந்து ஏறினா கொஞ்சம் நவுந்து எடம் குடுப்பாரு. நல்ல மனுசன். ஒரு வார்த்த சொன்னதில்ல. நான் எறங்கறப்பவும் ஒரு வார்த்த சொன்னதில்ல.”